உபயம் எழுதிய வேன்

1

வரி கட்ட மாட்டேன் என்று சொல்லித் தூக்கில் தொங்கியவரின் கோட்டை, தூத்துக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். பள்ளிக்கூடத்திலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு அழைத்துப் போனபோதெல்லாம் என் கவனம் புளியோதரைப் பொட்டலத்தின் மீதுதான் இருந்தது என்றாலும், அந்த மண்ணின் குணம் கொஞ்சமாவது ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த் நகரில், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையை மேற்பார்த்துக்கொண்டு, ஒழுங்காக வரி கட்டி வாழ்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. கூடுதலாகப் பிடித்துவிட்டோம், இந்தா வைத்துக்கொள் என்று அரசாங்கமே திருப்பித் தருகிற பணத்தையும் கையில் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுகிறேன். இரண்டையும் சேர்த்துக் கேள்விப்பட்டால் கட்டபொம்மன் தலையில் அடித்துக்கொள்வார்.

இங்கே வரிக் கணக்கு ஜூன் மாதத்தோடு முடியும். ஜூலை பிறந்தால் குளிரும் மழையும், கூடவே எங்கள் கணக்காளரும் வந்துவிடுவார். ஞானம் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். வருஷா வருஷம் ஒரே கேள்வியை ஒரே முகத்தோடு கேட்பார்.

"அக்கா, நன்கொடை ஏதும் குடுத்தனீங்களோ?"

"குடுத்தேனே. கோயில் உண்டியல்ல போட்டேன், பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு மருந்து வாங்கிக் குடுத்தேன், ரயில்ல பாடிக்கிட்டு வந்தவருக்கு..."

"ரசீது இருக்கோ?"

"உண்டியலுக்கு ரசீதா?"

"அப்ப குடுக்கேல்லை எண்டு போடுறன்."

ஒரு வருஷம் முழுக்க நான் செய்த தருமமெல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு பூஜ்ஜியமாகிவிடும். மேலுலகத்திலும் இதே முறை வந்துவிட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் கதி அதோகதிதான். ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் ரசீதை நம்புவதில்லையே தவிர, கொடுத்ததை மறைப்பவர்கள் அல்ல. அதற்கு வேறு ஏற்பாடு வைத்திருக்கிறோம். கோயில் டியூப் லைட்டில், பள்ளிக்கூட பெஞ்சில், தண்ணீர்த் தொட்டியில், குப்பைத் தொட்டியில், எதைக் கொடுத்தாலும் அதன்மேல் 'உபயம்' என்று எழுதிப் பக்கத்தில் பெயரையும் எழுதிவிடுவோம். டியூப் லைட்டில் பெயர் போக மீதியிருக்கிற இடத்திலிருந்துதான் வெளிச்சம் வரும்.

இந்தக் கலையில் என் தம்பி முத்து பட்டம் வாங்கியவன். எங்கள் அப்பாவின் மளிகைக் கடையை இப்போது அவன்தான் நடத்துகிறான். கடைப் பெயர் இல்லாத சாமான் அந்தப் பக்கத்தில் குறைவு. சுடுகாட்டில் உட்காரப் போட்டிருக்கிற பெஞ்சில்கூட உபயம் எழுதியிருக்கிறான். "அங்கன போயி ஏம்ல விளம்பரம்?" என்று கேட்டதற்கு, "எக்கா, எல்லா கஸ்டமரும் ஒரு நாள் வந்து உக்காருத எடம்லா," என்றான்.

2

இந்தக் கதை தொடங்கியது என் மகளால். நிவேதா இங்கேயே பிறந்தவள். தமிழ் புரியும், பேச வேண்டும் என்றால் கொஞ்சம் நொண்டும். கல்லூரிக்குப் போய்க்கொண்டே ஒரு காபிக் கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு முதல் முதலாக வரிப் பணம் திரும்பி வந்த வருஷம், நான் மனசுக்குள் ஒரு ஜோடிக் கம்மலைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். அவளோ, அது முழுவதையும் உள்ளூரில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காக வேலை செய்கிற ஒரு அமைப்புக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். வார இறுதியில் அங்கே போய் உதவியும் செய்கிறாளாம்.

மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டேன்: "ஏன் அதுக்கு? உன் ஃபிரெண்ட்ஸ்ல யாருக்காவது...?"

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். "அம்மா, போன வருஷம் நீங்க யானைக்குப் பணம் குடுத்தீங்க. யாராவது உங்களை யானையான்னு கேட்டாங்களா?"

என் வீட்டுக்காரர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். செய்தித்தாள் குலுங்கியது.

அன்று முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எச்.ஐ.வி. என்றதும் கதவைச் சாத்தினேனே, அந்தக் கை யாருடையது? பெர்த்துக்கு வந்து இத்தனை காலம் ஆகியும் அது தூத்துக்குடிக் கைதான். அப்படி நினைத்தபோதுதான் ரெஜினா அக்கா ஞாபகத்துக்கு வந்தார்.

ரெஜினா அக்கா பள்ளியில் எனக்கு மூத்தவர். த்ரோபால் டீம் கேப்டன். கடற்கரைப் பக்கத்துக் குடும்பம். அவர் பந்தை வீசினால் எதிர் டீம் பிள்ளைகள் முதலில் முகத்தைத்தான் மூடிக்கொள்வார்கள். பிறகு நர்ஸ் வேலைக்குப் போய், அதை விட்டுவிட்டு, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென்று ஊரில் ஒரு சின்ன அமைப்பை நடத்துகிறார். மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் அங்கே போய் வரவும், வெறும் வயிற்றில் அதை விழுங்காமல் இருக்கவும், நடுவில் விட்டுவிடாமல் இருக்கவும் ஆள் வேண்டும். அதற்குத்தான் இவர்கள். அமைப்பின் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

போன் போட்டு, என் வரிப் பணம் திரும்பி வந்தால் அனுப்பட்டுமா என்று கேட்டேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"ஏளா வள்ளி, ஒன் பாஸ்போர்ட் எந்த ஊர் பாஸ்போர்ட்டு?" என்றார்.

வெளிநாட்டுக் குடிமக்களிடம் பணம் வாங்க வேண்டுமானால் தனியாக அரசாங்க அனுமதி வேண்டுமாம். அது அவர்களிடம் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் எந்த நாட்டில் உட்கார்ந்து சம்பாதித்தாலும் அது உள்நாட்டுப் பணம்தான். என் வீட்டுக்காரர் எப்போதோ இந்த ஊர்க் குடிமகன் ஆகிவிட்டார். நான் மட்டும் விண்ணப்பம் போடவில்லை. தேசபக்தி என்று நினைத்துவிடாதீர்கள், சோம்பல். பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள், சரி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டு வந்தேன். என் சோம்பல் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

நிவேதாவிடம் இதைச் சொன்னேன். அவளுக்கும் அங்கே கொஞ்சம் அனுப்ப ஆசை இருந்தது.

"அப்ப என் பணம் ஃபாரின் பணமா?"

"ஆமாடி."

"உங்க பணம்?"

"உள்ளூர்ப் பணம்."

"ரெண்டும் ஒரே பாங்க்லதானே இருக்கு," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே நின்றிருந்தாள். பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று நாம்தான் புலம்புகிறோம். அரசாங்கமே எழுதிக் கொடுத்து விலக்கிவைத்தால் அவர்களுக்கும் வலிக்கத்தான் செய்யும்.

3

பணத்தை என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு ரெஜினா அக்கா யோசிக்கவே இல்லை. "வேனைச் சரி பண்ணணும். செல்வியைப் பிடிக்கணும்," என்றார்.

செல்வி என்பது அவளுடைய பெயர் அல்ல. முப்பது வயதுக்காரி, புருஷன் இல்லை, வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறாள். எப்படி அவளுக்கு வந்தது என்று நான் கேட்டேன். "நீ அவளுக்கு மாமியாரா?" என்று ரெஜினா அக்கா திருப்பிக் கேட்டார். அதனால் உங்களுக்கும் சொல்ல முடியாது.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்திருக்கிறாள். கெடுத்தது அந்த வேன். யாரோ நல்ல மனசுக்காரர்கள் பல வருஷம் முன்னால் கொடுத்தது. இரண்டு பக்கமும் அமைப்பின் பெயர், பெரிய சிவப்பு ரிப்பன், கீழே 'எய்ட்ஸ் விழிப்புணர்வு' என்று எட்டு வீடு தள்ளி நின்றாலும் படிக்கிற எழுத்து. ஊர் விழித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதினார்கள். ஊரும் நன்றாகவே விழித்துக்கொண்டு, அந்த வேன் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று பார்த்தது. சத்துமாவும் பயறும் கொண்டுபோய்க் கொடுக்க வேன் இரண்டு தடவை வந்தது. மூன்றாவது தடவை வருவதற்குள் வீட்டுச் சொந்தக்காரர் செல்வியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அடுத்த தெருவில் வேறு வீடு பார்த்தாள், அங்கேயும் அதே கதை.

இப்போது தூத்துக்குடியை ஒட்டியிருக்கிற புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருக்கிறாள். ரெஜினா அக்காவிடம் போனில் சொல்லிவிட்டாளாம்: "யக்கா, ஒங்களைக் கையெடுத்துக் கும்பிடுதேன், வந்துராதிய. இந்த வீடும் போச்சுன்னா நான் மெஷினைத் தூக்கிக்கிட்டு எங்கன போவேன்?" ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று அங்கே போவதையும் நிறுத்திவிட்டாள். மாத்திரையும் நின்றுவிட்டது.

"நின்னா என்ன ஆவும்?" என்று கேட்டேன்.

"நின்னா ஆளும் நிக்க மாட்டா, ஏளா," என்றார் ரெஜினா அக்கா. த்ரோபால் கேப்டன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

சிவப்பு ரிப்பன் இல்லாத வெள்ளை வேனாகப் போகலாமே என்றேன். அதையும் முயன்று பார்த்தார்களாம், வாடகை வண்டியில். பெயர் இல்லாத வண்டி தெருவில் வந்து நின்றால் நம் ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? "யாரு, என்ன, எங்கேருந்து வாரிய?" என்று மூன்று வீட்டுத் திண்ணையில் இருந்தும் கேள்வி வந்திருக்கிறது.

எப்படியோ, முதலில் என்ஜினாவது ஓடட்டும் என்று முடிவு செய்தோம். ஊரில் மெக்கானிக்கையும் பெயின்டரையும் வைத்து வேலை வாங்க ஒரு ஆள் வேண்டும். எனக்குத் தெரிந்த ஆள் ஒருவன்தான்.

4

முத்துவிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. செல்வி கதை அவனுக்குத் தெரியாது. வேனைச் சரி பண்ணு, பழைய எழுத்தை அழித்து வெள்ளை அடித்துவிடு, மற்றதை ரெஜினா அக்கா சொல்வார் என்றேன். கடைசியாக ஒன்றையும் அழுத்திச் சொன்னேன். "என் பேரு எங்கேயும் வரக்கூடாது. கொடுத்தது யாருக்கும் தெரிய வேண்டாம். இங்க பெர்த்ல இப்படித்தான் கொடுக்காங்க."



"எக்கா, பேரு போடாம குடுத்தா திருட்டுப் பணம்னுலா நெனைப்பான்?"

"நெனைச்சிட்டுப் போறான். எம் பேரு வேண்டாம்."

"சரி, ஒம் பேரு வேண்டாம்," என்றான். அவ்வளவு சீக்கிரம் அவன் ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வேலை முடிந்து வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. நான் முதியோர் இல்லத்தில் நூறு பேருக்கு சூப் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கரண்டி உள்ளே விழுந்துவிட்டது. வேன் முழுக்க மாம்பழ மஞ்சள். பக்கவாட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் எங்கள் கடைப் பெயர், பச்சை எழுத்தில், சிவப்பு ஓரம் கட்டி. அதற்குக் கீழே ஒரு மூட்டை, மூட்டையிலிருந்து பருப்பு கொட்டுகிற படம். கடை போன் நம்பர். பின்கதவில் 'மளிகைப் பொருட்கள் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்'. ஒரு ஓரத்தில், எறும்பு போல, 'உபயம்'. அமைப்பின் பெயருக்கு இடமே இல்லை.

போனில் பிடித்து விளாசினேன். அவன் கலங்கவே இல்லை.

"நீ ஒம் பேருதான் வேண்டாம்னே. கடைப் பேரை வேண்டாம்னியா? வெள்ளையா வுட்டா பொணவண்டி மாதிரி இருக்குக்கா. பெயின்டரும் அதைத்தான் சொல்லுதான்."

"ஏலே, அது தருமத்துக்கு ஓடுற வண்டி."

"ஓடட்டும், யாரு வேண்டாங்கா? ஓடுத வண்டிதான, நாலு பேரு பாப்பாவல்லா."

ரெஜினா அக்கா அதைவிடச் சூடாக இருந்தார். "ஏளா, நான் என்ன ஒன் தம்பி கடைக்கு டிரைவரா?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மறுபடி வெள்ளை அடிக்கப் பணம் இல்லை. அடுத்த ஜூலைக்கு இன்னும் நாள் கிடந்தது. என்ஜின் என்னவோ நன்றாக ஓடியது. வேறு வழியில்லாமல் அந்த மஞ்சள் வேனை எடுத்துக்கொண்டு அவர் வேலைக்குக் கிளம்பினார்.

முதல் நாளே சாயர்புரம் போகிற வழியில் ஒரு வீட்டு முன் வேனை நிறுத்தியிருக்கிறார். அந்த வீட்டில் ஒரு அண்ணாச்சிக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும். இறங்குவதற்குள் எதிர்வீட்டு அம்மா ஓடிவந்தார். இந்த வீட்டுக்கும் கேடு வந்துவிட்டதே என்று ரெஜினா அக்கா பயந்துபோனார்.

அந்த அம்மா கேட்டது: "துவரம்பருப்பு என்ன வெலைம்மா?"

5

அன்று மாலை ரெஜினா அக்கா எனக்குப் போன் செய்தபோது சிரிக்கவும் முடியாமல் பேசவும் முடியாமல் இருந்தார். நிறுத்திய ஒவ்வொரு வீட்டு முன்னாலும் பருப்பு விலை, எண்ணெய் விலை, 'கட்டிப் பெருங்காயம் இருக்கா?' இதே கேள்விகள்தான். யாரும் எந்த வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. மளிகை வண்டி எந்த வீட்டுக்கும் வரலாம். பசி எல்லாருக்கும் உள்ள வியாதிதானே.

"வள்ளி," என்றார், "நான் இப்பமே செல்விக்குப் போன் போடுதேன்."

செல்வி நம்பவில்லை. வேனின் போட்டோவை அனுப்பச் சொன்னாள். அனுப்பினார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாளாம்: "பின்னாலயும் வேற ஒண்ணும் எழுதலையேக்கா?" மொத்தமாகவும் சில்லறையாகவும் என்று மட்டும் எழுதியிருக்கிறது என்றார் ரெஜினா அக்கா. "அப்பம் வாங்க," என்றாள்.

அவள் வீட்டுச் சொந்தக்காரம்மா கீழ்த் தளத்தில் இருக்கிறார். தெருவின் சி.சி.டி.வி. அவர்தான். மஞ்சள் வேன் வந்து நின்றதையும், பெரிய பையோடு ஒருவர் மாடிக்கு ஏறியதையும் பார்த்தார். மறுநாள் குழாயடியில் அவர் பேசியது, செல்வி சொல்லி, ரெஜினா அக்கா சொல்லி, எனக்கு வந்து சேர்ந்தது: "நம்ம மாடிவீட்டுப் பிள்ளைக்குக் கடையில இருந்து வீட்டுக்கே கொண்டாந்து குடுக்காவ. நல்லா சம்பாதிக்கா போல இருக்கு." ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் பெருகினார்கள்.

அடுத்த வாரம் அதே வேனில் செல்வி முன்சீட்டில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கடைக்குக் கணக்கு முடிக்கப் போகிறேன் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னாளாம். மறுபடி மாத்திரை ஆரம்பமானது.

முத்துவிடம் இனியும் மறைக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிடுவானோ, நம் கடைப் பெயர் அந்த விஷயத்திலா என்று குதிப்பானோ என்று பயம்.

"நம்ம வேன்ல வெறும் படத்துக்குப் பருப்பு கொட்டுச்சின்னா நாளைக்கு எவனாவது கண்டுபிடிச்சிருவான்லாக்கா," என்றான். அன்று முதல் வேனில் நிஜமாகவே துவரம்பருப்பும் பெருங்காயமும் ஏறின. கேட்பவர்களுக்கு ரெஜினா அக்கா விற்கிறார். லாபம் அமைப்புக்கு. நல்ல வியாபாரம் என்று கேள்வி. த்ரோபால் கேப்டனிடம் யார் பேரம் பேசுவார்கள்?

6

இதற்கெல்லாம் கைதட்டாத ஒரே ஆள் என் மகள்.

"இது தப்பும்மா," என்றாள். "மறைச்சு வெச்சா அது வெக்கப்பட வேண்டிய விஷயம்னுதானே ஆகும்? இங்க நாங்க ரிப்பன் குத்திட்டு ரோட்ல நடக்கிறோம். அங்க பருப்புக்குப் பின்னால ஒளியிறாங்க."

அவள் சொல்வது தப்பில்லை. ரெஜினா அக்காவுக்கே போன் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மக்கா, நீ சொல்லுதது சரி. நானும் ரிப்பன் குத்துனவதான். ஆனா ரோட்டுல நடக்க செல்விக்கு மொதல்ல காலுல தெம்பு வேணும்லா? மாத்திரை உள்ள போவட்டும், வெக்கம் பொறவு வெளிய போவட்டும்."

நிவேதா சமாதானமாகவில்லை. போன டிசம்பரில் ஊருக்குப் போனபோதும் அந்த மஞ்சள் வேனைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளை வேனில் ஏற்றியது ரெஜினா அக்காதான். அன்றைக்குப் பை தூக்குகிற பெண்ணுக்குக் காய்ச்சல்.

"நீ வாரியா?"

"என்கிட்ட பணமே வாங்க மாட்டீங்களே. நான் ஃபாரின்," என்றாள் நிவேதா. இத்தனை காலம் அதை அவள் மறக்கவில்லை.

"பணத்துக்குத்தாம்மா அனுமதி வேணும். ஆளுக்கு வேண்டாம். ஏறு."

நானும் பின்சீட்டில் பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனேன். உப்பளக் காற்று முகத்தில் அடித்தது. செல்வி வீட்டு முன்னால் வேன் நின்றது. நிவேதா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

"யாரும்மா நீ, புதுசா இருக்கே?"

நிவேதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொய்யே சொல்ல மாட்டாள் என் மகள். அது ஒரு வியாதி மாதிரி அவளுக்கு. உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடப் போகிறாள் என்று நான் மூட்டைக்குப் பின்னால் குனிந்தேன். மேலே, மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் அசையாமல் நின்றிருந்தாள். அதுதான் செல்வி என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் கடைக்காரரோட மருமக," என்றாள் நிவேதா. நொண்டாமல் வந்தது. "லீவுக்கு வந்திருக்கேன். மாமா குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"மொகச் சாடை அப்படியே இருக்கே," என்றார் வீட்டுக்காரம்மா. "பை கனமா இருக்கு, கொண்டா ஒரு பக்கம் நான் பிடிக்கேன்."

இரண்டு பேருமாகப் பையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். நிவேதா திரும்பி வர நேரமானது. வந்தபோது அவளுடைய ரவிக்கைக்கு அளவு எடுத்திருந்தாள் செல்வி.

வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு, "அம்மா, நான் பொய் எதுவும் சொல்லலைதானே?" என்று கேட்டாள்.

"ஒண்ணுகூட இல்லைடி," என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருங்காய வாடை என்று சொல்லிவைத்தேன்.

7

இந்த ஜூலையிலும் ஞானம் வந்தார், அதே கேள்வியைக் கேட்டார். நிவேதா தன் ரசீதை நீட்டினாள். அவளுடைய பணம் பெர்த்தில் இருக்கிற அமைப்புக்குத்தான் போகிறது, சட்டப்படி கழிவும் உண்டு. என்னிடம் ரெஜினா அக்கா கொடுத்த ரசீது இருந்தது. பூரிப்போடு எடுத்து நீட்டினேன்.

"இது இந்தியா அக்கா. இஞ்ச கழிக்க ஏலாது," என்றார். "குடுக்கேல்லை எண்டு போடுறன்." என் கணக்கு வழக்கம்போலப் பூஜ்ஜியம். நிவேதாதான் மேஜைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் போட்டிருந்த ரவிக்கை செல்வி தைத்தது. பெர்த் குளிருக்கு அதன்மேல் இரண்டு ஸ்வெட்டர்.

இதை எழுதி முடித்து முத்துவுக்குத்தான் முதலில் அனுப்பினேன். ஊரில் நீங்கள் எல்லாரும் படிக்கிற பத்திரிகையில் வரப்போகிறது. பாராட்டும் வகையில் ஒரு வரியில் கடைப் பெயரைப் போட்டிருந்தேன். வாழ்நாள் முழுக்கப் பெயருக்கு அலைந்தவன், அச்சில் பார்த்துச் சந்தோஷப்படட்டுமே என்றுதான். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூடக் காத்திராமல் போன் செய்தான்.

"எக்கா, கடைப் பேரை எடுத்துரு."

"ஏம்ல? ஆசையாத்தானே போட்டேன்."

"அந்த வீட்டுக்காரம்மா பேப்பர் படிக்கும்க்கா," என்றான். "பேரு வேண்டாம்."

எடுத்துவிட்டேன். வேனின் நிறத்தையும், செல்வியின் ஊரையும் தொழிலையும் மாற்றி எழுதியிருக்கிறேன். உங்கள் தெருவில் மளிகை வேன் ஏதாவது வந்து நின்றால், பருப்பு விலையை மட்டும் கேளுங்கள்.